தரையில் சொட்டு இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் இல்லை: ஒரு 1977 அம்பாசடரின் கூலன்ட் கசிவு

வண்டி 1977 மாடல் அம்பாசடர் மார்க் 3. மாமாவுடையது, கோயம்புத்தூரிலேயே வாங்கி இங்கேயே ஓடிக்கொண்டிருப்பது. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ், 1489 சிசி பெட்ரோல், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டியின் வழியில் வந்தது, அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இதே குடும்ப எஞ்சின் போட்ட பழைய எம்.ஜி. வண்டிகளுக்கும் பொருந்தும்.

புகார் எளிமையானது. தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை. பொள்ளாச்சி வரை போய் வந்தால் மறுநாள் காலையில் ரேடியேட்டரில் அரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டியிருக்கும், ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தில் தரை காய்ந்தே கிடக்கும். ஊருக்குள் ஆர்.எஸ்.புரம், காந்திபுரம் என்று சுற்றினால் இவ்வளவு குறையாது. எஞ்சின் சூடேறி நின்றதும் கிடையாது, ஆவி பறந்ததும் கிடையாது.

என் கைக்கு வருவதற்கு முன்பே வண்டிக்கு நிறைய வைத்தியம் நடந்திருந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப் எல்லாம் புதிது. ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூடி மாற்றியாகிவிட்டது. ஒரு டிரைவர் சொன்னார் என்று மஞ்சள் தூள் கூடப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் லாரிக்காரர்களின் பழைய கைமருந்து அது, நடுவழியில் ரேடியேட்டரில் ஊசித் துளை விழுந்து நின்றால் வீடு சேர உதவும், ஆனால் அப்புறம் அதைக் கழுவி எடுக்காவிட்டால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சேறாகத் தங்கிவிடும். கடைசியாகப் போன ஒர்க்‌ஷாப்பில் வெளியே கசிவு தெரியவில்லை என்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் ஹெட் கேஸ்கெட்டாகத்தான் இருக்கும், ஹெட்டை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "மாப்ள, ஹெட்ட எறக்குறதுக்கு முன்னாடி நீ ஒருக்கா பாத்துரு" என்றார்.

இந்த மாதிரி வழக்குகளில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதற்கு முன்னால் எவ்வளவு குறைகிறது, எப்போது குறைகிறது என்ற இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். நிற்கும்போதா ஓடும்போதா, குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, மெதுவாகப் போகும்போதா வேகத்திலா என்று தெரிந்துவிட்டால் பாதி உதிரிபாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து தானாகவே விழுந்துவிடும். இந்த வண்டிக்கு அதுவரை ஒருவரும் அளந்து பார்க்கவில்லை, பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அளப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த வண்டிகளில் இப்போதைய கார்களைப் போல, சூட்டில் பெருகும் நீர் போய்த் தங்குவதற்கான எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லை. நீர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் பெருகும். அமைப்பு முழுவதும் 8 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் கால் லிட்டருக்கும் மேல், அந்தக் கூடுதல் நீர் போக ரேடியேட்டரின் மேல் தொட்டியில் காலியிடம் வேண்டும். கழுத்து வரை நிரப்பினால் முதல் ஓட்டத்திலேயே அந்தக் கால் லிட்டர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே சாலையில் போய்விடும், மறுநாள் மூடியைத் திறந்து பார்ப்பவர் தண்ணீர் குறைந்துவிட்டது என்று மறுபடியும் கழுத்து வரை நிரப்புவார். கசிவே இல்லாத வண்டியில் கூட இந்தச் சுற்று வருடக்கணக்கில் நடக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் கூலன்ட் புகார்களில் கணிசமான பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

எனவே கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே ஓர் அளவு வைத்துக்கொண்டேன். காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும், அதே சமதளத்தில் நிறுத்தி, மில்லி லிட்டர் கோடு போட்ட குவளையில் அளந்து ஊற்றுவது. ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் ஒரு காலி பாட்டிலைக் கட்டிவிட்டேன், அந்த வழியாகப் போவது எவ்வளவு என்று தனியாகத் தெரிவதற்காக. அதோடு உள்ளே இருந்த போர் தண்ணீரை எடுத்துவிட்டு வெறும் மினரல் நீக்கிய நீரை விட்டேன், கூலன்ட் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று.

பொள்ளாச்சி போய் வந்த கணக்கு: மொத்தம் குறைந்தது 600 மி.லி., பாட்டிலில் சேர்ந்தது 350 மி.லி. ஆகப் பாதிக்கு மேல் மூடி வழியாகப் போயிருக்கிறது. அதுவும் ஓர் அங்குலம் இடம் விட்டு நிரப்பிய பிறகு!

சரி, முதலில் மூடி. ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது: ஒரு ஸ்பிரிங் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறிப்பிட்ட அளவு வரை பிடித்து வைத்து, அதற்கு மேல் போனால் திறந்துவிடும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) மூடியின் கீழ் வெறும் நீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். புதிதாகப் போட்டிருந்த மூடியில் 7 என்று சரியாகவே அச்சடித்திருந்தது, பார்ப்பதற்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ரேடியேட்டர் கழுத்தில் இரண்டு ஆழம் உண்டு. விளிம்பிலிருந்து உள்ளே ரப்பர் சீல் உட்காரும் படி வரை சிலவற்றில் முக்கால் அங்குலம், பழைய இங்கிலாந்து வழி வண்டிகள் பலவற்றில் ஒரு அங்குலம். இந்த ரேடியேட்டரில் வெர்னியர் வைத்து அளந்தால் ஒரு அங்குலம், கடைக்காரர் கொடுத்திருந்தது முக்கால் அங்குல மூடி. கையால் திருகினால் இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் சீல் படியைச் சரியாக அழுத்துவதே இல்லை. அழுத்தமே பிடிக்காமல், வேகத்தில் அலையடித்த நீரெல்லாம் ஓவர்ஃப்ளோ வழியே போய்க்கொண்டிருந்தது. மூடி வாங்கும்போது பவுண்டு எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பழைய மூடியையும் கையோடு கொண்டுபோய் ஆழத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். இன்னொரு வகைத் தவறும் அடிக்கடி பார்க்கிறேன், இன்றைய கார்களின் 13 அல்லது 15 பவுண்டு மூடியைப் பழைய ரேடியேட்டரில் போடுவது. அது ஈயம் வைத்த மூட்டுகளுக்கும் பழைய ஹோஸ்களுக்கும் தாங்காத அழுத்தம்.

ஆழம் சரியான மூடி போட்ட பிறகு அதே சாலையில் பாட்டில் காலியாகவே வந்தது. காலையில் அளந்தால் 250 மி.லி. குறைவு. ஆக மூடி பாதிக் கதைதான். மீதிக் கால் லிட்டர்தான் உண்மையான மர்மம், அதற்கு இன்னும் தரையில் ஒரு சொட்டுச் சாட்சியும் இல்லை.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட நினைத்தேன், ஏனென்றால் அதுதான் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. சிலிண்டர்களின் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனைப் பார்த்ததில் நான்கு சிலிண்டரும் 120-லிருந்து 128 பவுண்டுக்குள், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களில் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு பிளக்குகளும் ஒரே பழுப்பு நிறம். தண்ணீர் எரியும் சிலிண்டராக இருந்தால் அந்தப் பிளக் மட்டும் கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருக்கும். டிப் ஸ்டிக்கிலும் ஆயில் மூடியிலும் பால் போன்ற நுரை கிடையாது. கடைசியாக நீலத் திரவச் சோதனை: ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பது. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்தால் அதிலுள்ள கரியமில வாயு பட்டு நீலம் மஞ்சளாகிவிடும். இங்கே நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட்டை இறக்க ஒரு காரணமும் இல்லை என்று மாமாவிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அடுத்தது அழுத்தச் சோதனை. சைக்கிள் பம்பு மாதிரிச் சின்னக் கைப்பம்பும் ஒரு மீட்டரும் சேர்ந்த கருவி, மூடி இருக்கும் இடத்தில் அதைப் பூட்டி 7 பவுண்டு ஏற்றி விட்டுவிட வேண்டியதுதான். குளிர்ந்த எஞ்சினில் அரை மணி நேரம் முள் அசையவில்லை. குளிர்ந்தபோது மட்டும் ஒழுகும் வண்டிகளும் உண்டு, ரப்பரும் இரும்பும் வெவ்வேறு அளவில் சுருங்கும்போது கிளிப் தளர்ந்துவிடும், அது இங்கே இல்லை. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, கனத்த ஈரத்துணியை மேலே போட்டு மூடியை முதல் பல் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகே முழுதாகத் திறந்து (இதில் அவசரம் காட்டி முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களைத் தெரியும், தயவுசெய்து பொறுமையாகச் செய்யுங்கள்) மறுபடியும் கருவியைப் பூட்டினேன். சூட்டிலும் முள் நின்ற இடத்திலேயே நின்றது. சூடு ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி அழுத்தம் தானாகவே மெல்ல இறங்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்புத் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகள், ஹெட்டின் பின்பக்கத்தில் ஹீட்டர் குழாய்க்கான இடத்தை அடைத்திருக்கும் தகடு, தெர்மோஸ்டாட் (சூடேறிய பிறகே நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் கூடு, நீரை வடிக்கும் இரண்டு ட்ரெய்ன் டேப்புகள் என்று எல்லாவற்றையும் டார்ச் அடித்து, எட்டாத இடத்தில் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. ஹீட்டர் தகடு மேல் எனக்கு ஆரம்பத்தில் பலமான சந்தேகம் இருந்தது, அங்கே கசிந்தால் எஞ்சினின் பின்புறமாக வழிந்து சூட்டிலேயே காய்ந்துவிடும், கீழே வராது. ஆனால் அப்படிக் காய்ந்தால் வெள்ளைக் கறை நிற்க வேண்டும், இத்தனை நாள் போர் தண்ணீர் ஓடிய எஞ்சினில் நிச்சயமாக நிற்க வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கெடுதல் என்றாலும் கசிவு தேடுகிறவனுக்கு அந்தக் கறை பெரிய உதவி.

இந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வர முடிந்தது. எஞ்சின் நின்றிருக்கும்போது, குளிரிலும் சரி சூட்டிலும் சரி, அமைப்பு முழு அழுத்தத்தைப் பிடிக்கிறது. ஓடும்போது மட்டும் இழக்கிறது. அதுவும் ஐடிலிங்கில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துப் பார்த்தால் குறைவே தெரியவில்லை, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை 2,500 சுற்றில் அரை மணி பிடித்தால் 80 மி.லி. போகிறது. சாலையின் குலுக்கல் காரணமில்லை, அழுத்தம் காரணமில்லை, சூடு மட்டுமே காரணமில்லை. சுற்று வேகம்தான் காரணம். கூலன்ட்டைத் தொட்டுக்கொண்டு சுற்றுகிற பொருள் இந்த எஞ்சினில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வாட்டர் பம்ப்.

ஆனால் பம்ப் ஒழுகினால் எங்கே ஒழுக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். பம்பின் தண்டு ஒரு பேரிங் வழியாகப் போகிறது, முன்னால் புல்லியும் ஃபேனும், பின்னால் நீரைத் தள்ளும் இம்பெல்லர். இம்பெல்லருக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த கார்பன் சீல். சீலைத் தாண்டி வரும் நீர் பேரிங்குக்குள் போகாமல் கீழே சொட்டட்டும் என்பதற்காக அந்தத் துளையை விட்டிருக்கிறார்கள். சீல் தேய்ந்தால் அங்கே சொட்டும், பார்த்தவுடன் தெரியும். இந்த வண்டியில் பம்பின் அடிப்பக்கம் எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டமும் இல்லை. உதவிக்கு வந்திருந்த மெக்கானிக் அண்ணன் கூட "பம்பு நல்லாத்தானுங்க தம்பி இருக்குது, வேற எங்கியோ போகுது" என்றார். அவர் இந்த வண்டிகளைக் கையில் வளர்த்தவர், அவர் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அளவுகள் பம்பைத்தான் காட்டின.

அதனால் ஒளிரும் சாயம். யூவி விளக்கில் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் சிறிதளவு ரேடியேட்டரில் கலந்து, வண்டியை அவினாசி சாலையில் ஒரு சுற்று வேகமாக ஓட்டிவிட்டு, இரவில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். பம்பின் அடியில் ஒன்றும் ஒளிரவில்லை. ஹோஸ் மூட்டுகளில் ஒன்றும் இல்லை. விளக்கை மேலே தூக்கியபோது பானெட்டின் உள்பக்கத் தகட்டில் குறுக்காக ஒரு வில் போலப் பொட்டுப் பொட்டாகப் பச்சை. அந்த வில் ஃபேன் சுற்றும் தளத்துக்கு நேர் மேலே. ரேடியேட்டரின் பின்முகத்தில், ஃபேனுக்கு எதிரே, பனித்துளி அளவில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். ஃபேன் இறக்கைகளில் நடுவிலிருந்து நுனி நோக்கி இழுத்த மாதிரிக் கோடுகள். ஃபேன் பெல்ட்டின் உள்பக்கமும் ஒளிர்ந்தது, அதை அப்போது குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. நீர் பம்பின் முன்பக்கமாக, புல்லி பூட்டியிருக்கும் ஹப்பின் பின்னாலிருந்து வருகிறது. ஹப் அதைச் சுழற்றி எறிகிறது, ஃபேன் அடித்துத் தூளாக்குகிறது, சூடான ரேடியேட்டரிலும் எஞ்சின் மேலும் பட்டு அந்தத் தூறல் நொடியில் காய்ந்துவிடுகிறது. தரைக்கு ஒரு சொட்டும் வந்து சேர வழியே இல்லை. எஞ்சினை நிறுத்தினால் சுழற்சி இல்லை, தண்டு அசையாமல் நிற்கும்போது கார்பன் சீல் ஸ்பிரிங் பலத்தில் சரியாக உட்கார்ந்துகொள்கிறது, அழுத்தச் சோதனையில் முள் அசையாததற்குக் காரணம் அதுதான்.

ஒரு கேள்வி பாக்கி. சீலைத் தாண்டிய நீர் அடித்துளை வழியாகச் சொட்டாமல் பேரிங்கையும் தாண்டி முன்னால் வருவானேன்?

பெல்ட்டைக் கழற்றியதுமே ஒரு விஷயம் தெரிந்தது. பெல்ட் மாட்டியிருந்தபோது ஆடாத ஃபேன் இப்போது நன்றாகவே ஆடியது. பெல்ட் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால் தண்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைத்திருக்கிறது. பம்ப் பேரிங்கைச் சோதிக்கிறவர்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், மாட்டியபடி ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

தண்ணீரை வடித்து, ஃபேனைக் கழற்றி, டைனமோவின் போல்ட்களை விட்டு அதை ஒதுக்கி, பம்பை பிளாக்கிலிருந்து எடுத்தோம். கையில் வைத்து அடிப்பக்கத்தைத் துடைத்தபோது விடை கிடைத்தது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து யாரோ அடைத்திருக்கிறார்கள். மேலே எஞ்சின் பெயின்ட் அடித்து, அதன் மேல் வருடக்கணக்கான எண்ணெய் அழுக்கும் படிந்து, அங்கே ஒரு துளை இருந்ததே தெரியாத மாதிரி ஆகியிருந்தது. எப்போதோ ஒரு தடவை அங்கே சொட்டியிருக்கும், அதைப் பார்த்தவர் ஒழுகுகிற ஓட்டையை அடைத்துவிட்டதாக நினைத்திருப்பார். நீருக்குக் கீழே வழியில்லாமல் போகவே பேரிங்குக்குள் புகுந்து, அதன் கிரீஸைக் கழுவி, துருவோடு முன்பக்கமாக வெளியேறியிருக்கிறது. பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைப்பது போன்ற சத்தம். கார்பன் சீலின் முகம் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது, தண்டு நேராகச் சுற்றவில்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

மெக்கானிக் அண்ணன் அந்தப் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத அடைச்சவனுக்கு இது எதுக்கு இருக்குதுன்னே தெரிஞ்சிருக்காதுங்க" என்றார். கோபம் இல்லை அவர் குரலில், வருத்தம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தத் துளை சொட்டுவது பம்ப் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று வண்டி சொல்லும் தகவல். அதை அடைத்ததால் சின்னச் செலவில் முடிந்திருக்க வேண்டியது, ரேடியேட்டர் வேலை, ஹோஸ், மூடி என்று சுற்றிவந்து கடைசியில் ஹெட்டை இறக்கும் பேச்சு வரை போய்விட்டது.

புதுப் பம்பை மாட்டிவிட்டு வேலையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சீல் ஏன் முதலில் தேய்ந்தது என்று பார்க்காமல் மாட்டினால் புதியதும் அதே கதிக்குத்தான் போகும். இரண்டு காரணங்கள் கிடைத்தன. ஃபேனை ஒரு கம்பியில் கோத்துச் சுற்றவிட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் ஓர் இறக்கை மற்றவற்றைவிட 6 மி.மீ. முன்னால் வளைந்திருந்தது, சமநிலையும் இல்லை, எப்படித் திருப்பி விட்டாலும் அதே இறக்கை கீழே வந்து நின்றது. இந்த எஞ்சினில் ஃபேன் நேரடியாகப் பம்பின் ஹப்பில் பூட்டியிருப்பதால் அதன் அதிர்வு முழுவதையும் பம்ப் பேரிங்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வேகத்தில் கசிவு கூடியதற்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது, சுற்று வேகம் இரு மடங்கானால் சமநிலையற்ற எடை இழுக்கும் விசை நான்கு மடங்காகும்.

இரண்டாவது, பெல்ட். புல்லிகளுக்கு நடுவில் நீளமான பகுதியில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்க வேண்டிய பெல்ட் இதில் கம்பி மாதிரி நின்றது. மாமாவிடம் கேட்டேன், காலையில் ஸ்டார்ட் செய்தால் பெல்ட் கீச்சென்று கத்தும், கத்தும்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சம் இழுத்துக் கட்டுவார்கள் என்றார். சாயம் போட்ட இரவில் பெல்ட்டின் உள்பக்கம் ஒளிர்ந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். பம்பிலிருந்து தெறித்த நீர் பெல்ட்டில் பட்டு வழுக்குகிறது, வழுக்கினால் கத்துகிறது, கத்தினால் இறுக்குகிறார்கள், இறுக்கினால் பேரிங் மேல் சுமை ஏறி ஆட்டம் கூடுகிறது, ஆட்டம் கூடினால் சீல் இன்னும் விடுகிறது, இன்னும் நீர் பெல்ட்டுக்கு வருகிறது. இந்தச் சங்கிலி எத்தனை காலமாகச் சுற்றிக்கொண்டிருந்ததோ. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கீச்சுச் சத்தத்தைத் தண்ணீர்ப் புகாரோடு சேர்த்து அதுவரை ஒருவரும் சொல்லவில்லை, மாமாவுக்கும் அது தனிப் புகாராகவே தோன்றியிருந்தது.

மாட்டிய விதம்

புதுப் பம்ப் வாங்கும்போது முதலில் பார்த்தது அந்தத் துளை திறந்திருக்கிறதா என்று. சில புதுப் பம்புகளில் வார்ப்பின் பிசிறோ பெயின்ட்டோ துளையை அடைத்திருக்கும், ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்துவிட வேண்டும். பிளாக்கின் முகத்தைப் பழைய கேஸ்கெட் துணுக்கு இல்லாமல் சுரண்டி, புதுக் கேஸ்கெட்டில் மெல்லிசாக மட்டும் பசை தடவி மாட்டினோம். பசையை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கியது உடைந்து ரேடியேட்டருக்குள் போய்ச் சேரும். ஃபேன் இறக்கையை லேசாக நிமிர்த்தலாம் என்ற பேச்சு வந்தது, நான் சம்மதிக்கவில்லை, வளைந்து நிமிர்ந்த தகட்டில் விரிசல் விழுந்து வேகத்தில் இறக்கை பறந்தால் ரேடியேட்டரையும் பானெட்டையும் கிழிக்கும், கையோ முகமோ அருகில் இருந்தால் நினைக்கவே முடியாது. வேறொரு நல்ல ஃபேன் தேடி வாங்கி, அதையும் கம்பியில் சுற்றவிட்டுச் சமநிலை பார்த்துத்தான் போட்டோம். புது பெல்ட், அரை அங்குலத் தளர்வு.

பிளாக்கின் ட்ரெய்ன் டேப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே துருவும் மஞ்சளும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தது, கம்பியால் குத்தி விட்டதும் பழுப்பு நிறச் சேறு வந்தது. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக வைத்துக் கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சி, தெளிந்த நீர் வரும் வரை கழுவினோம். எப்போதோ எடுத்துப் போட்டிருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் 82 டிகிரியில் திறக்கும் ஒன்றையும் போட்டேன். நம் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றி எறிவது இங்கே வழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும். வண்டி சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் நல்லதா என்று வெந்நீரில் போட்டுச் சோதியுங்கள், ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள்.

கூலன்ட்டுக்கு, பித்தளை ரேடியேட்டரும் ஈய மூட்டும் வார்ப்பிரும்பும் உள்ள பழைய எஞ்சின்களுக்கென்று சிலிகேட் கலந்து வரும் பழைய வகையை எடுத்து, மினரல் நீக்கிய நீரில் மூன்றில் ஒரு பங்கு கலந்தேன். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். கோயம்புத்தூரில் தண்ணீர் உறையப்போவதில்லை, இங்கே கூலன்ட்டின் வேலை துருவைத் தடுப்பதுதான். ஒரு எச்சரிக்கை, கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினாலோ குழந்தை குடித்தாலோ உயிருக்கு ஆபத்து. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

சோதனை ஓட்டம் முதலில் அதே பொள்ளாச்சி சாலை, அதே அளவு முறை. காலையில் மட்டம் வைத்த இடத்தில் இருந்தது, பாட்டில் காலி. அடுத்து ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற்றம், 40 கொண்டை ஊசி வளைவு, பெரும்பகுதி இரண்டாம் கியரில் எஞ்சின் உயர் சுற்றில் மெதுவாக ஏற வேண்டிய பாதை. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 96, 97 டிகிரியிலேயே கொதிக்கும், மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் அங்கே மறைக்க முடியாது. மேலே போய் நிறுத்தியதும் தெர்மோஸ்டாட் கூட்டில் வெப்பநிலை அளக்கும் துப்பாக்கி காட்டியது 91 டிகிரி. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் கொதிப்போ சீறலோ இல்லை. ஊர் திரும்பி, மறுநாள் காலை அளந்ததில் ஊற்ற ஒன்றும் இல்லை. யூவி விளக்கில் பானெட்டின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன், புதிதாகப் புள்ளி ஒன்றும் விழவில்லை. கீச்சுச் சத்தமும் போய்விட்டது.

புதுப் பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும் என்பதால் ஒருமுறை தளர்வைச் சரிபார்த்தாகிவிட்டது, பம்ப் போல்ட்களையும் சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்கினேன். பிளாக்கின் ட்ரெய்ன் டேப் மட்டும் குத்திவிட்டதிலிருந்து லேசாக வியர்க்கிறது, அதன் வாஷரைச் செம்பு வாஷராக மாற்றும் வேலை அடுத்த தடவை கூலன்ட் வடிக்கும்போது.